அத்தியாயம் 7: மாலை ஏழு மணி வகுப்பு

வருகைப் பதிவேட்டைத் திறந்து, தொடர்ந்து சுழியம் விழுந்திருக்கும் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெற்றோரோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போன பிள்ளை இருக்கும். கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கும் பிள்ளை இருக்கும். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பத்து நாள் வர முடியாத மலைக் குடியிருப்புப் பிள்ளை இருக்கும். கொரோனா முடிந்தது, இவர்களுக்குப் பள்ளி இன்னும் எட்டத்தில்தான் இருக்கிறது.

இவர்களுக்காகத் தொலைவழிக் கற்பித்தல் முறை ஒன்றை நீங்களே வடிவமைத்து, சிறிய அளவில் சோதித்துப் பார்க்க இந்த அத்தியாயம் உதவும். தமிழ்நாட்டில் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அளவு இதுதான்: 20 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள், 10 வாரம், ஒரே ஒரு பாடத்திறன். ஆயத்தத்துக்குத் தனியாக நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

பணம் பற்றிய பகுதி கடைசிப் பக்கங்களில் வருகிறது. வரிசையை மாற்றிப் படிக்க வேண்டாம். பணத்தை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற வேலையைத் தேடிய முயற்சிகள் பாதியில் நின்றுபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏன் சாதாரண போன்?

கோட்பாடு இந்த ஒரு பத்தி மட்டும். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் சுமார் 4,500 குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு வாரந்தோறும் கணக்கு குறுஞ்செய்தியாக மட்டும் போனது. சிலருக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரின் போன் அழைப்பும் 15, 20 நிமிடம் கிடைத்தது. செய்தி மட்டும் பெற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆய்வின் முடிவு 2022-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்தது. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இதே முறையைச் சோதித்தபோதும் பலன் தெரிந்தது. இதற்கு பட்டன் போன் போதும். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் சொல்லும் பதிலைக் காதால் கேட்கும் ஓர் ஆள்தான் முக்கியம். எனவே இங்கே சொல்லப்படும் முறை வாரம் ஒரு போன் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேர்ச் சந்திப்பு.

படி 1: போன் கணக்கெடுப்பு

2020-இல் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். "வீட்டில் டச் போன் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் 'இருக்கிறது' என்றே பதில் வந்தது. காலை பத்து மணிக்கு இணைய வகுப்பு வைத்தேன். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தார்கள். போன் இருந்தது உண்மை. அது அப்பாவின் சட்டைப் பையில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருந்தது. மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்பியது. இந்த அத்தியாயத்தின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

ஆகவே வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். இல்லாத பிள்ளைகளும் கூச்சப்பட்டுக் கை தூக்குவார்கள். பெற்றோரிடம் நேரிலோ போனிலோ இந்த ஏழு கேள்விகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

1. போன் யாருடையது? பட்டன் போனா, டச் போனா?
2. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வீட்டில் இருக்கும்?
3. ரீசார்ஜ் எந்தத் தேதியோடு முடிகிறது?
4. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா, வாசலிலா, மொட்டை மாடியிலா?
5. எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்?
6. பிள்ளை பேசும்போது பக்கத்தில் இருக்கக்கூடிய பெரியவர் யார்?
7. அவர் தமிழ் வாசிப்பாரா?

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரீசார்ஜ் முடிந்து சில நாளானால் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். நாலாவது வாரத்தில் பிள்ளை 'காணாமல் போவது' பெரும்பாலும் இதனால்தான். ஏழாவது கேள்வியைக் கடைசியில், மெதுவாகக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவும் இந்த முறைக்குப் போதுமானவர்தான் என்பதை அந்த இடத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

> குறிப்பு: போனே இல்லாத வீடுகளை விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் போன், சத்துணவு அமைப்பாளரின் போன், சூளை முகாமில் உடன் இருக்கும் உறவினரின் போன் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் அந்தப் போனைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் தனியாக வேண்டும்.

படி 2: அனுமதிகள்

இதை நல்லெண்ணத்தால் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வரிசை இப்படி இருக்கட்டும்.

1. தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். யார், எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், எந்த நேரம் என்று நான்கு வரி போதும்.
2. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்கள்; பாதிப் பேர் பெண்கள். உங்கள் முயற்சிக்கு முதல் ஆதரவு இவர்களிடமிருந்துதான் வர வேண்டும். பின்னால் நிதி கேட்கும்போது இந்தத் தீர்மானத்தின் நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.
3. வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தலைமையாசிரியர் வழியாகத் தகவல் அனுப்புங்கள்.
4. ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

சம்மதக் கடிதம் எளிய தமிழில் இருக்கட்டும். மாதிரி: "என் மகள்/மகனுடன் ஆசிரியர் வாரம் ஒருமுறை, மாலை 6.30-லிருந்து 8 மணிக்குள், நானோ வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரோ அருகில் இருக்கும்போது, இந்த எண்ணில் பேசச் சம்மதிக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைத் தெரிந்துகொண்டேன்." படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள்.

படி 3: தொடக்க நிலையை அளப்பது

பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தொடங்கினால், பத்து வாரம் கழித்து உங்கள் கையில் ஆறுதல் மட்டுமே மிஞ்சும். தனியாக வினாத்தாள் தயாரிக்க வேண்டாம். பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வில் பயன்படும் எளிய அளவுகோல் தமிழிலும் உண்டு. வாசிப்பில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும். கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

- ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அமரவைத்துக் கேளுங்கள். மற்றவர்கள் முன்னால் வாசிக்கச் சொன்னால் தெரிந்த பிள்ளையும் திக்கும்.
- 20 பேரைத் தவிர, இதே நிலையில் உள்ள இன்னும் 10 பிள்ளைகளையும் அளந்து வையுங்கள். அவர்களுக்கு அழைப்பு இப்போது கிடையாது. பத்து வாரம் முடிந்ததும் அவர்கள் முறை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், முன்னேற்றம் உங்கள் அழைப்பால் வந்ததா, வயதோடு தானாக வந்ததா என்று சொல்ல முடியாது.
- ஒரே திறனைத் தேர்ந்தெடுங்கள். இந்த அத்தியாயத்தில் கழித்தல் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 4: உங்களுக்கான பயிற்சி

வகுப்பறையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் போனில் முதல் வாரம் தடுமாறுவார்கள். பிள்ளையின் முகம் தெரியாது. கரும்பலகை கிடையாது. எதிர்முனையில் அமைதி வந்தால், அது யோசனையா, குழப்பமா, சிக்னல் போய்விட்டதா என்று புரியாது. பதற்றத்தில் நாமே பேசிக்கொண்டே போவோம். இதைக் கற்றுக்கொள்ளத்தான் மூன்று வாரம்.

*முதல் வாரம், படிப்பு.* திக்ஷா தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, 2019-இல் தொடங்கிய நிஷ்தா பயிற்சித் தொகுப்பிலிருந்து அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவு சார்ந்த ஒரு பாடத்தை மட்டும் முழுமையாக முடியுங்கள். ஐந்தைத் தொடங்கி எதையும் முடிக்காமல் விடுவதைவிட இது நல்லது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு குறைந்தது 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், நிதி விண்ணப்பத்தில் இணைக்க உதவும்.

*இரண்டாம் வாரம், ஒத்திகை.* சக ஆசிரியரோடு முதுகுக்கு முதுகு திருப்பி உட்காருங்கள். ஒருவர் ஒரு வடிவத்தை வார்த்தையால் மட்டும் விளக்க, மற்றவர் அதை வரைய வேண்டும். நீங்கள் சொன்னது ஒன்று, தாளில் வந்தது வேறொன்றாக இருக்கும். அந்த வித்தியாசம் குறையும்வரை செய்யுங்கள். பிறகு ஒருவர் பிள்ளையாக நடிக்க, 20 நிமிட அழைப்பை ஒத்திகை பார்த்து அதை ஒலிப்பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது உங்கள் குரல் எத்தனை நிமிடம், 'பிள்ளை'யின் குரல் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். பிள்ளை பாதி நேரமாவது பேச வேண்டும். முதல் ஒத்திகையில் யாருக்கும் அப்படி அமைவதில்லை. (ஒலிப்பதிவு ஒத்திகைக்கு மட்டும். உண்மைப் பிள்ளைகளின் அழைப்பைப் பதிவு செய்யக் கூடாது.)

*மூன்றாம் வாரம், இரண்டு பிள்ளைகள்.* இரண்டே பிள்ளைகளை அழைத்துப் பாருங்கள். சக ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அழைப்பு முடிந்ததும் அவர் கவனித்ததைச் சொல்லட்டும்.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரை அணுகுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், அதாவது நாம் டயட் என்று சொல்லும் இடத்தில், உங்கள் முயற்சியைச் செயலாராய்ச்சியாக முன்வையுங்கள். விரிவுரையாளர் ஒருவர் உடன் நின்றால் அளவீடும் அறிக்கையும் ஒழுங்காக அமையும்.

படி 5: 20 நிமிட அழைப்பு

இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். நேரத்தைக் கடிகாரம் பார்த்துப் பின்பற்றுங்கள்.

1. 2 நிமிடம். முதலில் பெரியவரிடம் பேசுங்கள். "அம்மா, சாப்பிட்டாச்சா? பாப்பா பக்கத்துல இருக்காளா? ஸ்பீக்கர்ல போடுங்க." அவர் உடன் இருக்கிறார் என்று உறுதியான பிறகே தொடங்குங்கள்.
2. 3 நிமிடம். போன வாரக் கணக்கு. விடையை மட்டும் கேட்காதீர்கள். "எப்படிப் போட்டே? முதல்ல என்ன செஞ்சே?" என்று கேளுங்கள்.
3. 8 நிமிடம். புதிய கணக்கை நீங்களும் பிள்ளையும் சேர்ந்து போடுங்கள்.
4. 5 நிமிடம். பிள்ளை தானாக ஒரு கணக்கைப் போட வேண்டும். நீங்கள் பேசக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு பத்து.
5. 2 நிமிடம். அடுத்த வாரத்துக்கான கணக்கைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெரியவரிடம் பிள்ளை இன்று நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி முடியுங்கள்.

மூன்றாவது கட்டம் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளையிடமும் முன்கூட்டியே ஒரு பை கொடுத்திருக்க வேண்டும்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள் ஒன்பது, உதிரிக் குச்சிகள் இருபது, ஒரு நோட்டு, பென்சில். கணக்கு 52-இலிருந்து 27-ஐக் கழிப்பது.

"அஞ்சு கட்டும் ரெண்டு உதிரியும் எடுத்து வை. இதிலிருந்து ஏழு குச்சி கொடு பார்க்கலாம்" என்கிறீர்கள். "ரெண்டுதான் சார் இருக்கு" என்பாள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். "அப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றும் ஓசை போனில் கேட்கும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நாலு கட்டில் இரண்டு போக இரண்டு, இருபத்தைந்து. 'கடன் வாங்குவது' என்ற சொல்லை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்துங்கள்.

பிள்ளை 35 என்று சொன்னால் 'தப்பு' என்று கடந்துவிடாதீர்கள். 5-இல் 2 போக 3, 7-இல் 2 போக 5 என்று எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவளுக்குக் கழித்தல் தெரிகிறது, இடமதிப்பு தெரியவில்லை. 35 என்ற ஒரே விடை, அடுத்த வாரம் நீங்கள் என்ன நடத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே உங்கள் நோட்டில் சரி, தவறு என்று குறிக்காமல், சொன்ன விடையை அப்படியே எழுதுங்கள்.

> நேரக் கணக்கு: 20 பிள்ளைகள், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 400 நிமிடம். தனி ஆளாக இழுக்க முடியாது. மூன்றாம் வாரமே சோர்ந்துவிடுவீர்கள். இரண்டு ஆசிரியர்கள், வாரம் ஐந்து மாலை, ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பிள்ளைகள். 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லையா? பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறையுங்கள்.

வாரச் சுழற்சி எளிது. திங்கள் காலை குறுஞ்செய்தியில் இரண்டு கணக்கு. எண்களாகவே இருப்பதால் பட்டன் போனிலும் தெரியும். வார நாட்களில் அழைப்பு. சனிக்கிழமை இரண்டு ஆசிரியர்களும் அரை மணி நேரம் நோட்டுகளை ஒப்பிட்டு, யாருக்கு அடுத்து எந்தப் படி என்று முடிவு செய்வது.

நேர்ச் சந்திப்புக்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர் உங்கள் ஊரில் இருந்தால் தேடிப் போய் அழையுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டம், பிள்ளைகள் இழந்த கற்றலை மீட்டதில் சுமார் கால் பங்கு வகித்ததாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வொன்று கண்டது. அந்தத் தன்னார்வலர்களுக்குத் தெருவும் தெரியும், பிள்ளைகளும் தெரியும். கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி, பாடப் புத்தகத்தின் கியூஆர் கோடு ஆகியவற்றைக் கூடுதல் துணையாகப் பயன்படுத்தலாம். அவற்றால் பிள்ளை சொன்ன 35-ஐக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

அடிக்கடி நேரும் தவறுகள்

- *பிள்ளை எடுக்காவிட்டால் அழைப்பைக் கைவிடுவது.* அதே மாலை ஒருமுறை, மறுநாள் ஒருமுறை முயலுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடுக்காவிட்டால் வீட்டுக்கு நேரில் போங்கள்.
- *வாட்ஸ்அப் குழுவை வகுப்பு என்று நினைப்பது.* ஐம்பது பேர் குழுவில் ஒரு காணொளியைப் போட்டால் ஐம்பது பேருக்கும் கற்பித்ததாகாது. அதோடு, சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்கு பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். பெற்றோர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும்.
- *பாட அட்டவணையைத் துரத்துவது.* ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால், மூன்றாம் வகுப்புக் கணக்கைத்தான் நடத்த வேண்டும்.
- *அழைப்பைக் கண்டிப்பு நேரமாக்குவது.* "ஏன் ஸ்கூலுக்கு வரலை?" என்று தொடங்கினால் அடுத்த வாரம் போன் அணைந்திருக்கும்.
- *திருவிழா, அறுவடை, தேர்வு வாரங்களைக் கணக்கில் எடுக்காமல் தொடங்குவது.* பத்து வாரத்தையும் நாட்காட்டியில் குறித்துப் பார்த்த பிறகு தேதி வையுங்கள்.

பாதுகாப்பு: இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது

1. பெரியவர் அருகில் இல்லாமல் அழைப்பு இல்லை. அவர் எழுந்து போனால் பாடத்தை நிறுத்தி, பிறகு அழையுங்கள்.
2. பிள்ளையுடன் தனிச் செய்தி கிடையாது. செய்தி எல்லாம் பெற்றோரின் எண்ணுக்கே.
3. இரவு 8 மணிக்குப் பிறகு அழைக்க வேண்டாம். ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயர் நோட்டில் ஏற வேண்டும். சனிக்கிழமை அந்த நோட்டைச் சக ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இது பிள்ளைக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.
4. சார்ஜில் செருகிய போனில் பேசக் கூடாது என்று முதல் நாளே வீட்டில் சொல்லுங்கள். சிக்னல் தேடிப் பிள்ளையை மொட்டை மாடிக்கோ சாலை ஓரத்துக்கோ கிணற்று மேட்டுக்கோ அனுப்பக் கூடாது. வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்றால் பெரியவரோடு வந்து அமரக்கூடிய ஒரு பொது இடத்தை முடிவு செய்யுங்கள்.
5. காணொளி வகுப்பும் சேர்ப்பதானால் திரை நேரத்தைக் கவனியுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல்படி 1 முதல் 8 வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடமுள்ள இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது.
6. ஓடிபி, வங்கி விவரம் எதையும் பள்ளி கேட்காது என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.
7. வீட்டுக்குள் குரல் கேட்கும்போது சில உண்மைகளும் காதில் விழும். அடி, குழந்தைத் திருமணப் பேச்சு, வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். 1098-ஐ அழையுங்கள், தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன்படி காவல்துறைக்குத் தகவல் தருவது சட்டக் கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும் தயங்காதீர்கள்.

படி 6: பணம்

முதலில் எதற்கு வேண்டாம் என்று தெளிவாகுங்கள். இந்தச் சோதனைக்கு டேப்லெட் தேவையில்லை. ஒரு நிறுவனம் இருபது டேப்லெட் தருகிறோம் என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: உடைந்தால் யார் சரிசெய்வார்? அடுத்த ஆண்டு டேட்டா கட்டணம் யாருடையது? இரவில் எங்கே பூட்டி வைப்பது? பதில் இல்லையென்றால், அதே பணத்தை ரீசார்ஜுக்கும் பொருட்பைக்கும் தரமுடியுமா என்று பணிவாகக் கேளுங்கள்.

*செலவுப் பட்டியல்.* இன்றைய கடை விலையைக் கேட்டு நீங்களே நிரப்புங்கள்.

- ரீசார்ஜ் நின்றுபோகும் வீடுகளுக்கு மூன்று மாதக் கட்டணம் (கணக்கெடுப்பின் மூன்றாவது கேள்வி இதற்கு உதவும்)
- 30 பொருட்பைகள் (20 பேருக்கும், அடுத்த சுற்றின் 10 பேருக்கும்)
- மைக் உள்ள இயர்போன் இரண்டு
- அளவீட்டுத் தாள் நகல்
- நேர்ச் சந்திப்புப் பயணம்
- தன்னார்வலர் மதிப்பூதியம்
- எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு

*எங்கே கேட்பது?* இந்த வரிசையில் போங்கள்.

1. பள்ளியின் தொகுப்பு மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 30 பேர் வரை ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1,00,000 என்று அரசுப் பள்ளிகளுக்கான விதிமுறை. கற்பித்தல் துணைப்பொருள், இணையக் கட்டணம் போன்றவற்றுக்கு இதில் இடமுண்டு. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு ஒரு சிறு பகுதியைக் கேளுங்கள். பல முயற்சிகள் இதோடே முடிந்துவிடும்.
2. முன்னாள் மாணவர்கள், ஊர் மக்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிக்கு நன்கொடை முறைப்படி வர வழி இருக்கிறது. தேவையைத் தலைமையாசிரியர் மூலம் பதிவு செய்யுங்கள்.
3. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, முந்தைய நிதியாண்டில் ரூ.5 கோடி நிகர லாபமோ, ரூ.1,000 கோடி விற்றுமுதலோ, ரூ.500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் உண்டு. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சென்னைத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதும் முன், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நூற்பாலை, சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலையின் மனிதவள அலுவலரைப் போய்ப் பாருங்கள். தொண்டு நிறுவனம் வழியாகப் பணம் வருவதானால் அந்த நிறுவனத்திடம் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

> எச்சரிக்கை: உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கோ வங்கிக் கணக்குக்கோ ஒரு ரூபாயும் வரக் கூடாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன் கீழ் வரும் ஆசிரியர், முன் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டினால் சிக்கலில் மாட்டுவார். வெளிநாட்டு அமைப்புகளோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களோ பணம் தர முன்வந்தால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010-இன் பதிவோ அனுமதியோ இல்லாத சங்கமோ அறக்கட்டளையோ அதைப் பெற முடியாது. நல்ல மனதோடு அனுப்பினாலும் சட்டம் சட்டம்தான்.

*இரண்டு பக்க விண்ணப்பம்.* நிதி தருபவர் முதல் பத்தியைத்தான் கவனமாகப் படிப்பார். 'தொழில்நுட்பம் உலகையே மாற்றிவரும் இக்காலத்தில்' என்று தொடங்காதீர்கள். இப்படித் தொடங்குங்கள்: "எங்கள் பள்ளியில் நீண்ட நாள் வராத பிள்ளைகள் இத்தனை பேர். இவர்களில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவர்கள் இத்தனை பேர். இவர்களில் இருபது பேருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு போன் அழைப்பில் இதைக் கற்பிக்க இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற்றிருக்கிறோம்." எண்கள் எல்லாம் படி 1, படி 3-இலிருந்து உங்கள் கையில் இருக்கும். பிறகு முறை ஐந்து வரி, பாதுகாப்பு ஐந்து வரி, செலவுப் பட்டியல், எப்படி அளப்போம், எந்தத் தேதியில் அறிக்கை தருவோம். இணைப்பு: குழுத் தீர்மானம், பயிற்சிச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளுடன் நடந்த முன்னோட்டத்தின் குறிப்பு.

*கணக்கு.* பணம் வந்த நாளிலிருந்து ரொக்கப் புத்தகம். ஒவ்வொரு செலவுக்கும் பில்லும் வவுச்சரும். ரீசார்ஜுக்கு நடவடிக்கை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து ஒட்டுங்கள். பொருட்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும். மாதம் ஒருமுறை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். நிதி தந்தவர் பிள்ளைகளின் புகைப்படம் கேட்டால், முகம் தெரியாமல், கையும் குச்சியும் மட்டும் தெரியும்படி, பெற்றோர் சம்மதத்தோடு கொடுங்கள். உதவி பெறும் பிள்ளை என்று ஒரு குழந்தையின் முகம் ஊரெல்லாம் போவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

படி 7: பத்தாவது வாரமும் அதற்குப் பிறகும்

1. எட்டாவது வாரத்திலேயே பிள்ளையிடம் "இன்னும் ரெண்டு தடவை பேசுவோம்" என்று சொல்லத் தொடங்குங்கள். வாரந்தோறும் வந்த குரல் சொல்லாமல் நின்றால் அவர்கள் ஏங்கிப்போவார்கள்.
2. முடிந்த மறு வாரமே 30 பேரையும் அதே அளவுகோலால் அளவிடுங்கள். அளப்பவர் அழைத்த ஆசிரியராக இருக்கக் கூடாது. சக ஆசிரியரோ பயிற்றுநரோ செய்யட்டும்.
3. எத்தனை பேர் ஒரு படி ஏறினார்கள், எத்தனை பேர் அதே படியில் நிற்கிறார்கள், எத்தனை அழைப்பு திட்டமிட்டோம், எத்தனை நடந்தது என்று நான்கு எண்களை எழுதுங்கள். குறைவாக வந்தாலும் அப்படியே எழுதுங்கள். பாதி அழைப்புகள் நடக்கவில்லை என்றால் முறை தோற்றதாகாது. நேரத்தையோ ரீசார்ஜையோ சரிசெய்ய வேண்டும் என்று பொருள். அழைப்பெல்லாம் நடந்தும் ஒப்பீட்டுப் பிள்ளைகளைவிட முன்னேற்றம் இல்லையென்றால், அடுத்த சுற்றைத் தொடங்காமல் பாடமுறையை மாற்றுங்கள்.
4. அறிக்கையின் ஒரு நகல் நிதி தந்தவருக்கு, ஒன்று டயட்டுக்கு, ஒன்று பள்ளிக் கோப்புக்கு. பெற்றோருக்கு வாய்மொழியாக, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்.
5. காத்திருந்த 10 பிள்ளைகளுக்கு அழைப்பைத் தொடங்குங்கள். கொடுத்த வாக்கு அது.
6. பத்து வாரமும் பேசியும் எதுவும் நகராத பிள்ளைகள் ஓரிருவர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போங்கள். எழுத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறார்களா, கூப்பிட்டால் எந்தக் காதைத் திருப்புகிறார்கள் என்று கவனியுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் அடுத்த வருகைத் தேதியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அன்றைக்குப் பிள்ளையை அழைத்து வரச் சொல்லிப் பெற்றோரிடம் தெரிவித்துவிட்டு வாருங்கள்.